இடது காதுக்கு அலைன்மென்ட்

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் கோகுலன் ஒரு மனிதரின் இரண்டு காதுகளுக்கும் வீல் அலைன்மென்ட் செய்து, அதற்குப் பில்லும் போட்டு அனுப்பிவிட்டான். அப்போது அது அவனுக்கே தெரியாது. தெரிந்தபோது பத்து நாள் ஓடியிருந்தது. அதற்குள் புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையே அந்த மனிதரை ‘நடிகர்’ என்று கூப்பிட ஆரம்பித்திருந்தது.

கோகுலன் பர்மா ரோட்டில், மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் காது பரிசோதனை கிளினிக்கில் பில் போடுகிறவன். பில் என்றால் மளிகைக் கடை பில் மாதிரி இல்லை. ஒவ்வொரு பரிசோதனைக்கும் ஒரு நம்பர் உண்டு. அந்த நம்பரைத் தட்டினால்தான் இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் புரியும். நோயாளிக்கு என்ன கஷ்டம், எத்தனை வருஷமாகக் கஷ்டம் என்று யாரும் அவர்களுக்குக் கதை எழுதுவதில்லை. நம்பர்தான் கதை.

இங்கே வருவதற்கு முன் அவன் பாயான் பாருவில் ஒரு கார் பட்டறையில் பன்னிரண்டு வருஷம் இன்சூரன்ஸ் கிளேம் பார்த்தவன். பம்பர், பானெட், பக்கவாட்டுக் கண்ணாடி எல்லாம் தலைகீழாகச் சொல்வான். காதைப் பற்றி அவனுக்குத் தெரிந்தது, அதற்கும் இடது வலது உண்டு என்பது மட்டும். எனவே கிளினிக்கின் முப்பத்திரண்டு நம்பர்களையும் கார் பாகங்களாக மாற்றி மனப்பாடம் செய்துகொண்டான். செவிப்பறையின் அழுத்தம் பார்ப்பது டயர் காத்து. காதுக்குள் சத்தம் அனுப்பித் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது ரிவர்ஸ் சென்சார். தலையில் வயர் ஒட்டி நரம்பைப் பார்ப்பது, கேட்கவே வேண்டாம், வயரிங். பதினேழாம் நம்பருக்கு எதிரே ‘இரு காதிலும் ஒரே நேரத்தில்’ என்று பட்டியலில் போட்டிருந்தது. இடதையும் வலதையும் சேர்த்துப் பார்ப்பது வேறென்ன? அலைன்மென்ட்.

ஆறு மாதம் இந்த வித்தை ஒரு தடவைகூடத் தப்பவில்லை. பதினேழாம் நம்பரைத் தட்டவேண்டிய அவசியமே அந்த ஆறு மாதத்தில் வரவில்லை என்பது வேறு விஷயம்.

பிறகுதான் அய்யாக்கண்ணு வந்தார். நாற்பத்தொன்பது வயது. தகடு அடிக்கும் பிரஸ் மெஷினில் பதினெட்டு வருஷமாக நிற்கிறவர். தகட்டுத் தூசியை ஊதித் தள்ளும் காற்றுக்குழாய் அவருடைய இடது காதுக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருந்ததாம். பரிசோதனை செய்த சலேஹா மேடம் சீட்டில் எழுதினார்: ‘இடது காதில் கடுமையான குறைவு. வலது காதுடன் ஒப்பிடப்பட்டது.’ ஒப்பிடப்பட்டதா? கோகுலன் விரல் தானாகப் பதினேழைத் தட்டியது. தட்டிவிட்டு, கீழே இறங்கிப் போய்ப் பாலில்லாத ஐஸ் டீ, அதாவது ஒரு தே ஓ ஐஸ், குடித்துவிட்டு வந்தான்.

பத்து நாள் கழித்து இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்த கடிதத்தை அவன் மூன்று தடவை படித்தான். மூன்றாவது தடவை உட்கார்ந்து படித்தான். பதினேழாம் நம்பர் ஸ்டெங்கர் டெஸ்ட். ஒரு காது கேட்கவில்லை என்று சொல்கிறவர் உண்மையைச் சொல்கிறாரா, நடிக்கிறாரா என்று கண்டுபிடிக்கச் செய்வது. ‘நடிப்பு என்று கிளினிக் சந்தேகப்பட்டதாகத் தெரிகிறது. முடிவை அனுப்பவும். அதுவரை நஷ்டஈட்டு விண்ணப்பம் நிறுத்தி வைக்கப்படுகிறது.’ நகல், தொழிற்சாலை நிர்வாகத்துக்கு முன்பே போயிருந்தது.

“மேடம்,” என்றான் கோகுலன், சலேஹாவின் அறை வாசலில் நின்று. “நீங்க அய்யாக்கண்ணு அண்ணனுக்கு நடிப்பு டெஸ்ட் ஏதாச்சும் செஞ்சீங்களா?”

“இல்லையே. எதுக்கு?”

“நான் செஞ்சிட்டேன்.”

சலேஹாவுக்கு முப்பத்து நாலு வயது. அவன் சொன்னதைக் கேட்டு முடித்து, டயர் காத்து, வயரிங் எல்லாவற்றையும் கேட்டு முடித்து, பேனாவை மூடி வைத்தார்.

“அப்ப எனக்கு என்ன பேரு வச்சிருக்கீங்க? ஃபோர்மேனா?”

“உங்களுக்குப் பேரு வைக்கல மேடம்.”

“வச்சிடாதீங்க. மொதல்ல போன் போடுங்க.”

இன்சூரன்ஸ் கம்பெனியில் எடுத்தவர் இஸ்ஸதி என்ற பெண். மலாயில், வாய்க்கு வாய் ‘என்சிக்’, அதாவது ஐயா, என்று மிகவும் மரியாதையாகப் பேசினார். தப்பாகத் தட்டிவிட்டேன், அந்த நம்பரை எடுத்துவிடுங்கள் என்றான் கோகுலன்.

“எடுத்துடலாம் என்சிக். ஆனா ஃபைல்ல பதிவு நிக்கும். ‘நடிப்பு என்று சந்தேகம், பின்னர் கிளினிக் வாபஸ்’ன்னு.”

“அது இன்னும் மோசமால்ல இருக்கு?”

“ஆமா என்சிக்,” என்றார் இஸ்ஸதி, வானிலை சொல்வதுபோல. “டெஸ்டை நிஜமாவே செஞ்சு ரிசல்ட் அனுப்பினா சுத்தமா முடிஞ்சிடும். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள.”

செய்யாத டெஸ்டுக்கு ஒரு ரிசல்ட் எழுதிக் கொடுத்தால் என்ன என்று கோகுலன் வாயைத் திறந்தான். சலேஹா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டான். அய்யாக்கண்ணுவுக்குப் போன் போட்டான்.

“அண்ணே, இன்னொரு சின்ன டெஸ்ட் இருக்குண்ணே. சிஸ்டம்ல ஒரு பிராப்ளம்.”

“சிஸ்டம்னா அப்படித்தான் இருக்கும்,” என்றது அந்தப் பக்கம், பின்னால் மெஷின் இடிக்கும் சத்தத்தோடு.

போனை வைத்ததும் உள்ளேயிருந்து சலேஹாவின் குரல் வந்தது. “கோகுல், அந்த சிஸ்டத்துக்கு மீசை இருக்குமா?”

அவன் மீசையைத் தடவிக்கொண்டான். நேரில் வரும்போது சொல்லிவிடலாம் என்று தனக்குத் தானே வாக்குக் கொடுத்தான். தனக்குக் கொடுக்கும் வாக்கில் ஒரு வசதி உண்டு. மீறினால் யாரும் கேட்கமாட்டார்கள்.

அந்த வாரம் முழுக்கக் குற்ற உணர்ச்சி ஒரு பக்கம் இருக்க, இன்னொரு பக்கம் ஒரு கேள்வி அவனைப் பிடித்துக்கொண்டது. கேட்காத காதைக் கேட்காது என்கிறார் ஒருவர். அவர் காதுக்குள் நுழைந்து பார்க்கவா முடியும்? கேட்டால் பட்டனை அமுக்கு என்கிறோம். அமுக்கவில்லை. கேட்காமல் அமுக்கவில்லையா, கேட்டும் அமுக்கவில்லையா என்று ஒரு மெஷின் எப்படிக் கண்டுபிடிக்கும்? பட்டறையில் பின்பக்கம் இடித்த காரை முன்பக்கம் இடித்தது என்று சொல்லி வந்தவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். அங்கே பெயின்ட் காட்டிக்கொடுத்துவிடும். காதில் ஏது பெயின்ட்?

“எப்படி மேடம் கண்டுபிடிப்பீங்க?”

“சொல்ல மாட்டேன்.”

“நான் ஸ்டாஃப்தானே மேடம்.”

“ஸ்டாஃப்தான். ஆனா உங்க வாய் எனக்குத் தெரியும். அவர் படியேறி வர்றதுக்குள்ள நீங்க பாதி சொல்லியிருப்பீங்க. தெரிஞ்சுட்டு உள்ள போனா அந்த டெஸ்டுக்கே அர்த்தமில்ல.”

அவன் இணையத்தில் தேடினான். ஆங்கிலமும் டெசிபலுமாக வந்தது. இரண்டாவது வரியிலேயே தலை சுற்றி மூடிவிட்டான். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு மேசை மின்விசிறிக்கு முன்னால் நின்று பார்த்தான். எதையும் கண்டுபிடிக்கவில்லை. இரண்டு நோயாளிகள் மட்டும் அவனை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார்கள்.

இதைவிட வெட்கக்கேடான ஒன்றும் நடந்தது. எந்தச் சந்தேகத்தைத் தன் விரலே தவறுதலாகப் பிறப்பித்ததோ, அந்தச் சந்தேகம் மெல்ல அவனுக்கே வந்துவிட்டது. ஒருவேளை அந்த அண்ணன் நிஜமாகவே...?

அய்யாக்கண்ணு புதன்கிழமை வந்தார். அக்கரையிலிருந்து ஃபெரியில் மோட்டார் சைக்கிளை ஏற்றி வந்திருந்தார். இறங்குகிற நேரம் பார்த்து மழை. சட்டை தோளில் ஒட்டியிருந்தது. அரைநாள் லீவு போட்டு, ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து, கவுண்டருக்கு எதிர் நாற்காலியில் முழங்காலில் ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வலது காதில் பஞ்சு.

“அண்ணே, வலது காதுக்கு என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல.”

“பஞ்சு வச்சிருக்கீங்களே.”

“வச்சா நல்லதுதானே.”

“இன்னும் பிரஸ்லதான் நிக்கிறீங்களா? சத்தமில்லாத ஸ்டோருக்கு மாத்துறதா சொன்னீங்களே.”

“மாத்துவாங்க, மாத்துவாங்க. லெட்டர் ஒண்ணு வந்துச்சில்ல. அது முடியட்டும்ட்டாங்க.” பஞ்சை எடுத்துச் சட்டைப் பையில் போட்டார். “இடதுதான் போச்சு. இதையாவது பத்திரமா வச்சுக்கலாம்னு காது பிளக்குக்கு மேல பஞ்சையும் வைக்கிறேன். பசங்க சிரிக்கிறானுங்க. ஹீரோ மேக்கப் போடுறாராம்.”

சொல்ல இதைவிட நல்ல சமயம் கிடைக்காது. கோகுலன் தொண்டையைச் செருமினான். “அண்ணே, மைலோ போடவா?” என்றான்.

மைலோவைக் கொண்டுவந்து வைக்கும்போது, சத்தியமாகத் தன்னையறியாமல், அவருடைய இடது பக்கமாக நின்று சாவிக்கொத்தைக் கீழே போட்டான். அவர் திரும்பவில்லை. அது போதாதா? போதவில்லை. இடது பக்கமே குனிந்து, “அண்ணே, உங்க பையிலேருந்து அம்பது வெள்ளி நோட்டு விழுந்திருச்சு,” என்று முணுமுணுத்தான். அவர் மைலோவை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எதிரே இருந்த சீனப் பாட்டிதான் தரையைத் தேடினார். கோகுலன் சாவியைப் பொறுக்கிக்கொண்டு கவுண்டருக்குப் பின்னால் போய் உட்கார்ந்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகூட இவ்வளவு மட்டமாக இறங்கியதில்லை.

“நீங்க ஏண்ணே எதுக்குமே நேரா பதில் சொல்ல மாட்டேங்கிறீங்க?” என்றான் பிறகு, கொஞ்சம் கோபமாகவே. கோபம் தன்மேல்தான்.

அய்யாக்கண்ணு சிரித்தார். “பதினெட்டு வருஷம் கிலாங்ல, ஃபேக்டரி மெஷின்ல நின்னு பாருங்க தம்பி. ஆபீஸ்காரங்க கேட்டு நாம ஆமான்னா எழுதிக்குவாங்க. இல்லன்னாலும் எழுதிக்குவாங்க. ரெண்டும் ஒருநாள் திரும்பி வரும். ‘இருக்கும்’னு சொன்னா எப்படி எழுதுறதுன்னு தெரியாம விட்டுருவாங்க.”

அந்தச் சிரிப்பில் கோகுலன் உருகிப்போனான். உருகினால் உதவி செய்யாமல் இருக்க அவனால் முடியாது. இவனிடம் எல்லாரும் பயப்படவேண்டிய குணம் அதுதான். மேசையில் சலேஹாவின் சீட்டு இருந்தது. ‘ஸ்டெங்கர், இடது காது.’ கவுண்டரைச் சுற்றி வந்து, அவருடைய வலது காதுப் பக்கமாகக் குனிந்தான்.

“அண்ணே, பயப்படாதீங்க. இன்னிக்கு இடது காதுக்கு மட்டும்தான் டெஸ்ட். இடதுல கேட்டா அமுக்குங்க. இல்லன்னா கையைக் கட்டிட்டு உக்காந்திருங்க. அவசரப்பட்டு எதையும் அமுக்கிடாதீங்க. அவ்வளவுதான்.”

அய்யாக்கண்ணு தலையை ஆட்டினார்.

சத்தம் புகாத பெட்டி அறைக்குள் அவர் போனார். கதவு மூடியது. கண்ணாடி வழியாக அவர் முதுகும் பெரிய ஹெட்போனும் தெரிந்தன. சலேஹா வெளியே மெஷின் முன் உட்கார்ந்து, “சத்தம் கேட்டா அமுக்குங்க,” என்று மைக்கில் சொன்னது மட்டும் கோகுலனுக்குக் கேட்டது.

பத்து நிமிஷத்தில் கதவு திறந்தது. அய்யாக்கண்ணு வந்து பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். சலேஹா வரவில்லை. கொஞ்சம் பொறுத்து, “கோகுல், உள்ள வாங்க,” என்றார். குரல் சரியில்லை.

“கதவைச் சாத்துங்க. எப்படிக் கண்டுபிடிப்பாங்கன்னு கேட்டீங்கல்ல? இப்ப சொல்லலாம். முடிஞ்சிருச்சு.” தாளைத் திருப்பி வைத்தார். “ஒரே சுருதியில ரெண்டு சத்தம், ஒரே நேரத்துல. இடதுல பெருசு, வலதுல சின்னது. ரெண்டு காதும் வேலை செய்றவருக்கு அது ரெண்டா கேக்காது. பெருசு மட்டும்தான் கேக்கும்.”

“லாரி ஹாரனும் மோட்டார் சைக்கிள் ஹாரனும் ஒண்ணா அடிச்ச மாதிரி.”

“சரி, அப்படியே வச்சுக்கோங்க. இடது நிஜமாவே கேக்காதவருக்கு லாரியே கிடையாது. வலதுல மோட்டார் சைக்கிள் கேக்கும். உடனே அமுக்கிடுவார். நடிக்கிறவருக்கு இடதுல லாரி மட்டும்தான் கேக்கும். கேட்டதா காட்டிக்கக் கூடாதுன்னு அமுக்காம இருப்பார். வலதுலயும் ஒண்ணு ஓடுதுன்னு அவருக்குத் தெரியவே தெரியாது. சும்மா இருக்கிறதுதான் அவரைக் காட்டிக்கொடுக்கும்.”

கோகுலனுக்கு ஒரு கணம் ஆச்சரியத்தில் புல்லரித்தது. பொய் சொல்பவனைப் பேசவிட்டுப் பிடிப்பதைத்தான் அவன் பார்த்திருக்கிறான். இங்கே வாயை மூடிக்கொண்டு இருந்தாலே பிடித்துவிடுகிறார்கள். என்ன மூளை! அடுத்த கணம், அந்த மூளை யாரைப் பிடித்திருக்கிறது என்பது உறைத்தது.

“இவர்...?”

“பதினொரு தடவை குடுத்தேன். ஒண்ணுக்குக்கூட அமுக்கல.” சலேஹா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “எனக்கே நம்ப முடியல. ஆனா தாள் இதைத்தான் சொல்லுது. நான் இதை அனுப்பியாகணும்.”

“மேடம், ஒரு சந்தேகம். வலதுல கேட்டும் ஒருத்தர் அமுக்கலன்னா?”

“கேட்டும் ஏன் அமுக்காம இருக்கப் போறார்?”

கோகுலன் கதவுப் பக்கம் பார்த்தான். “இடதுல கேட்டா மட்டும் அமுக்குங்கன்னு ஒரு முட்டாள் சொல்லியிருந்தா?”

சலேஹா எழுந்தே விட்டார். “அல்லாவே. கோகுல்!”

“உதவின்னு நெனச்சு செஞ்சிட்டேன் மேடம்.”

“நீங்க உதவி செய்றதை நிறுத்தினாத்தான் இந்த மனுஷன் பொழைப்பார்!” இரண்டு அடி நடந்தார், திரும்பினார். “நீங்க சொன்னா நான் நம்பறேன். ஆனா அவரைக் காப்பாத்த நீங்க எதை வேணா சொல்லுவீங்கன்னும் எனக்குத் தெரியும். அவர் வாயால வரணும். அப்பத்தான் இந்த டெஸ்ட் செல்லாதுன்னு காரணத்தோட எழுதி, ஒழுங்கா மறுபடி செய்ய முடியும். வலதுன்னோ இடதுன்னோ நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. என்ன கேட்டுச்சுன்னு மட்டும் கேளுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

இருவரும் வெளியே வந்தார்கள். சீனப் பாட்டி போயிருந்தார். அய்யாக்கண்ணு மட்டும் ஹெல்மெட் பட்டையை இழுத்து விட்டுக்கொண்டு இருந்தார். கோகுலன் அவருடைய வலது பக்க நாற்காலியில் உட்கார்ந்தான்.

“அண்ணே, உள்ள எப்படி இருந்துச்சு?”

“குளிரா இருந்துச்சு.”

“டெஸ்ட்?”

“நல்லாத்தான் செஞ்சாங்க மேடம்.”

“ஏதாச்சும் கேட்டுச்சாண்ணே?”

அய்யாக்கண்ணுவின் கண் சலேஹாவின் கையிலிருந்த தாளுக்குப் போய்த் திரும்பியது. “கேட்டிருக்கும்.”

“கேட்டிருக்குமா, கேட்டுச்சா?”

“எப்படி எழுதினா உங்களுக்குச் சரியா வருமோ அப்படி எழுதிக்குங்க தம்பி.”

கோகுலன் சலேஹாவைப் பார்த்தான். அவர் உதட்டை இறுக்கித் தலையை மட்டும் ஆட்டினார். எடுத்துக் கொடுக்கக் கூடாது. வாயில் நூறு வார்த்தை நின்றது. ஆட்டோமேட்டிக்காக ஒரு ஜோக்கும் வந்து நின்றது. அதை விழுங்கினான். அவன் வாழ்க்கையில் விழுங்கிய முதல் ஜோக்காக இருக்கலாம்.

“அண்ணே, சிஸ்டம் பிராப்ளம்னு சொன்னேன்ல. சிஸ்டம் இல்லண்ணே. நான்தான்.”

அவர் பட்டையை விட்டார்.

“மேடம் உங்களைச் சந்தேகப்படவே இல்ல. அந்த டெஸ்டை செய்யவும் இல்ல. நான்தான் பில்லுல தப்பு நம்பரைத் தட்டிட்டேன். அந்த நம்பர் நடிக்கிறவங்களுக்குன்னு எனக்குத் தெரியாது. ரெண்டு பக்கமும் பாக்குறாங்களே, கெரெட்டாவுக்கு வீல் அலைன்மென்ட் செய்வாங்களே, அந்த மாதிரின்னு நெனச்சேன். அந்த லெட்டர், உங்க பசங்க சிரிக்கிறது, ஸ்டோர் வேலை நின்னது, எல்லாம் என் விரல் செஞ்சது. போன வாரமே சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்.”

மழை நின்றிருந்தது. கீழே ரோட்டில் பஸ் ஒன்று மூச்சு விட்டு நின்று கிளம்பியது.

“அலைன்மென்ட்டா,” என்றார் அய்யாக்கண்ணு.

“ஆமாண்ணே.”

“என் பொண்ணு கேட்டா தம்பி, ‘அப்பா, நெசமாவே நடிக்கிறீங்களா’ன்னு. ரெண்டு நாள் அவ கூட பேசல.” அவர் குரல் உயரவில்லை. “அறைஞ்சா தேவலன்னு இருக்கு.”

“அறைங்கண்ணே.”

“காதுல விழுந்திரும். வேணாம்.” சிரிக்காமல்தான் சொன்னார். பிறகு சலேஹாவைப் பார்த்தார். “நெசமாவே நீங்க என்னைச் சந்தேகப்படலையா மேடம்?”

“இல்லண்ணே,” என்றார் சலேஹா. “ஒருநாளும் இல்ல.”

அய்யாக்கண்ணு மூச்சை இழுத்து விட்டார். ஹெல்மெட்டை எடுத்துக் காலுக்கடியில் வைத்தார். கோகுலன் இந்தத் தடவை மெல்ல, எதையும் சேர்க்காமல், எதையும் குறைக்காமல் கேட்டான்.

“உள்ள என்னண்ணே கேட்டுச்சு?”

“வலது பக்கம் கேட்டுச்சு. தூரத்துல யாரோ விசில் அடிக்கிற மாதிரி, பதினொரு தடவை. மெஷின்ல நின்னு நின்னு எதையும் எண்ணிக்கிட்டே இருக்கிற பழக்கம். இடதுல ஒண்ணுமே இல்ல. இடதுல கேட்டா மட்டும் அமுக்குன்னு நீங்க சொன்னீங்க, அதான் அமுக்கல.”